கண்ணாடி போட்டுக்கொண்டு ஏழு மணி நேரம் மாட்டியிருக்க எந்த ஹெட்போன்?

நீங்கள் எழுதியிருப்பதை என் சொற்களில் ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். நாளுக்கு ஆறேழு மணி நேரம் காதில் ஹெட்போன் இருக்கும். அதில் பாதி அலுவலக அழைப்புகள், மீதி பாட்டு. கண்ணாடி அணிகிறீர்கள். காதை முழுவதும் மூடும் வயர்லெஸ் ஹெட்போன்களில் சோனி எக்ஸ்எம்5, போஸ் குவயட்கம்ஃபர்ட் அல்ட்ரா, சென்ஹைசர் மொமென்டம் 4 என்ற மூன்றில் ஒன்றை எடுக்க நினைக்கிறீர்கள். இருபது விமர்சனம் பார்த்தும் ஒருவர் புகழ்வதை இன்னொருவர் குறை சொல்கிறார், அதனால் எது பெஸ்ட் என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஆனால் நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, "கடையில் பத்து நிமிஷம் கேட்டுப் பார்த்தேன், எல்லாமே நன்றாகத்தான் இருந்தது" என்று, அதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. பத்து நிமிஷத்தில் எதைப் பார்க்க வேண்டும், அந்தப் பத்து நிமிஷத்தில் காது சொல்வதை எவ்வளவு நம்பலாம்? அதற்கே பதில் எழுதுகிறேன். உங்கள் தலையும் காதும் எப்படி இருக்கும் என்று தெரியாமல் ஒரு மாடல் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது உங்களுக்கு உதவாது.

நான் ஒலிக்கலவை வேலை செய்கிறவன். பதினெட்டு வருஷமாகப் பெரும்பாலான நாள் ஹெட்போன் மாட்டியே கழிகிறது. நண்பர்களும் உடன் வேலை செய்பவர்களும் புதிதாக ஒன்று வாங்கினால் முதலில் என்னிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள், அப்படியும் நிறையப் பார்த்திருக்கிறேன். காது மருத்துவம் எனக்குத் தெரியாது, அதனால் வலி, இரைச்சல் போன்றவற்றில் நான் சொல்வதை வைத்துச் சிகிச்சை முடிவு எதுவும் எடுக்காதீர்கள். இத்தனை வருஷத்தில் எனக்கு உறுதிப்பட்ட ஒரு வழி உண்டு: பிறகு மாற்ற முடியாததை முதலில் பாருங்கள், மாற்ற முடிவதைக் கடைசியில் பாருங்கள். ஹெட்போன் தலையில் உட்காரும் விதத்தை யாராலும் மாற்ற முடியாது. மைக் எப்படியோ அப்படித்தான். ஒலியின் குணத்தையோ ஒலியைப் பட்டை பட்டையாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரை வைத்துப் பாதிக்கு மேல் மாற்றிவிடலாம். பெரும்பாலான விமர்சனங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. ஒலியைப் பற்றி எட்டு நிமிஷம் பேசிவிட்டு, கடைசியில் "கம்ஃபர்ட்டும் நன்றாக இருக்கிறது" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

சௌகரியம் என்றதும் எல்லோரும் எடையைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியதுதான். ஏர்பாட்ஸ் மேக்ஸ் ஏறக்குறைய 385 கிராம், சோனி எக்ஸ்எம்5 250 கிராம், போஸ் அல்ட்ராவும் அதையொட்டி, மொமென்டம் 4 சுமார் 293 கிராம். உங்கள் பட்டியலில் அதிக வித்தியாசம் நாற்பது கிராம் சொச்சம்தான். அந்த நாற்பது கிராமைவிட அது தலையில் எங்கே இறங்குகிறது என்பது முக்கியம். சில வருஷத்துக்கு முன்னால், எல்லோரும் புகழ்ந்த ஒரு ஹெட்போனை நான் வாங்கினேன். முதல் அரைமணி நேரம் தலையில் இருப்பதே தெரியவில்லை. நாற்பதாவது நிமிஷம் உச்சந்தலையில், ஒரு காசளவு இடத்தில், யாரோ விரலை வைத்து அழுத்துவதுபோல் ஆரம்பித்தது. ஒரு மணி நேரத்தில் கழற்றியே ஆகவேண்டும் என்றாகிவிட்டது. ஹெட்பேண்டின் வளைவு என் தலையின் வளைவைவிடக் கூர்மையாக இருந்ததால் மொத்த எடையும் அந்த ஒரே புள்ளியில் நின்றிருக்கிறது. அதே ஹெட்போனை என் உதவியாளர் நாள் முழுக்கப் போட்டிருப்பார், அவருக்கு ஒன்றும் செய்யாது. ஆகவே கடையில் மாட்டிப் பார்க்கும்போது ஒரு கையை உச்சந்தலைக்குக் கொண்டுபோய் ஹெட்பேண்டுக்கும் தலைக்கும் நடுவில் விரல் நுழைகிறதா என்று தடவிப் பாருங்கள். பட்டை முழுவதும் சீராகப் படிந்திருந்தால் நல்லது. நடுவில் மட்டும் தொட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் இடைவெளி விட்டால், பத்து நிமிஷத்தில் தெரியாத வலி ஒரு மணி நேரத்தில் தெரியும்.

அடுத்தது பக்கவாட்டு அழுத்தம். இது கொஞ்சம் சிக்கலான விஷயம், கண்ணாடி அணிகிறவர்களுக்கு இன்னும் சிக்கல். அழுத்தம் குறைந்தால் குனியும்போது ஹெட்போன் நழுவும், குஷனும் தோலும் சேரும் இடத்தில் இடைவெளி விழும். கூடினால் தாடைக்கு மேலேயும் காதுக்குப் பின்னாலும் வலிக்கும், கண்ணாடிக் கம்பி பொட்டெலும்பில் பதியும். இந்த இடைவெளி சௌகரியத்தோடு நிற்கிற சமாச்சாரமில்லை, ஒலியையே மாற்றும். மூடிய ஹெட்போனில் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, சரியாக வர வேண்டுமென்றால் காதைச் சுற்றிக் காற்று கசியக் கூடாது. கண்ணாடிக் கம்பி குஷனைத் தூக்கும் இடத்தில் சின்னதாக ஒரு சுரங்கம்போல் வழி திறக்கும், பேஸ் அதன் வழியாகப் போய்விடும். வெளிச்சத்தமும் அதே வழியாக உள்ளே வரும். இதைச் சோதிப்பது சுலபம். தாழ்ந்த சுரம் நீண்டு நிற்கும் ஏதாவது ஒரு பாட்டை ஓடவிடுங்கள். அது ஓடும்போதே இரண்டு கையாலும் கண்ணாடியை மெல்ல உருவி எடுங்கள், ஹெட்போன் அசையக் கூடாது. பேஸ் சட்டென்று கூடினால் உங்கள் கண்ணாடியோடு அந்தக் குஷன் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். வித்தியாசமே தெரியவில்லை என்றால் நல்ல சேர்க்கை. வெளிச்சத்தத்தை அடக்கும் நாய்ஸ் கேன்சலிங் இயங்கும்போது கப்புக்குள் இருக்கும் மைக் இந்தக் கசிவைக் கொஞ்சம் கண்டுபிடித்து ஈடுகட்டும், அதனால் அதை ஒருமுறை அணைத்தும் செய்து பாருங்கள். கண்ணாடிச் சட்டகம் மெல்லிய உலோகக் கம்பியாக இருந்தால் பிரச்சினை பாதியாகக் குறையும். தடித்த பிளாஸ்டிக் சட்டகம் என்றால், ஹெட்போனை மாற்றுவதைவிட வீட்டில் மாட்டிக்கொள்ள மெல்லிய கம்பிவைத்த இன்னொரு கண்ணாடி வைத்துக்கொள்வது சில நேரம் புத்திசாலித்தனம்.

கப்புக்குள் காது எப்படி உட்காருகிறது என்றும் பாருங்கள். காது மடல் முழுவதும் குஷனுக்கு உள்ளே போக வேண்டும், அதோடு மடலின் நுனி உள்ளே இருக்கும் துணியைத் தொடக் கூடாது. தொட்டால் முதலில் கூச்சமாக இருக்கும், இரண்டு மணி நேரத்தில் எரியும். குஷன் புதிதாக இருக்கும்போது தடிப்பாக இருக்கும், சில மாதத்தில் அழுந்தி மெலியும். ஆகவே கடையில் நூலிழை இடைவெளியில் தொடாமல் இருந்தால், ஆறு மாதம் கழித்துத் தொடும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வேர்வை வேறு இருக்கிறது. இந்த மூன்றிலும் குஷன் செயற்கைத் தோல்தான், அது காற்றை விடாது, விட்டால் பேஸும் போய்விடும். தோல்வகைக் குஷன் போட்டு ஏழு மணி நேரம் காது வேர்க்காமல் இருக்க வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் இரண்டு நிமிஷம் கழற்றிக் கழுத்தில் போடுங்கள், உலர்ந்த துணியால் குஷனைத் துடையுங்கள். வேர்வையும் ஈரமும் சேர்ந்து செயற்கைத் தோலின் மேற்பூச்சைச் சிதைக்கும். ஒருநாள் கழற்றும்போது கன்னத்தில் கறுப்புக் கறுப்பாகச் செதில் ஒட்டியிருக்கும், கண்ணாடி முன்னால் நின்று ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க வேண்டியிருக்கும். அதனால் குஷன் தனியாகக் கிடைக்கிறதா, கருவி எதுவும் இல்லாமல் கழற்றி மாட்ட முடிகிறதா என்று வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

நாய்ஸ் கேன்சலிங் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வெளியிலிருந்து வரும் ஒலி அலைக்கு நேரெதிர் அலையை உண்டாக்கி அதை அடக்குவதுதான் தத்துவம். இந்த யோசனைக்கு பால் லூயெக் என்பவர் 1936-இலேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்றுவிட்டார். 1978-இல் விமானத்தில் போகும்போது, கொடுத்த ஹெட்போனில் இரைச்சல் தாங்காமல் போஸ் நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸ் அங்கேயே கணக்குப் போட ஆரம்பித்தார் என்பது அந்த நிறுவனமே சொல்லும் வரலாறு. விமானிகளுக்கான ஹெட்செட் 1989-இல் வந்தது, பொதுமக்களுக்கான முதல் குவயட்கம்ஃபர்ட் 2000-இல். இன்றைக்கும் இந்தத் தொழில்நுட்பத்தின் பலம் விமானத்தில் கேட்கும் மாதிரியான தாழ்ந்த, விடாமல் ஓடும் உறுமலில்தான். காரணம் எளிது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர், எதிரலை கொஞ்சம் பிந்தினாலும் பொருந்திவிடும். 4000 ஹெர்ட்ஸில் அலைநீளம் எட்டரை சென்டிமீட்டர்தான், துளி தாமதம் ஆனாலும் எதிரலை தவறிவிடும். ஆகவே ஏறக்குறைய 1000 ஹெர்ட்ஸுக்கு மேலே சத்தத்தைத் தடுக்கும் வேலையைப் பெரும்பாலும் குஷனும் கப்பும்தான் செய்கின்றன. மின்விசிறி, ஏசி, வண்டி உறுமல் காணாமல் போகும். பக்கத்து மேசையில் பேசுகிறவரின் குரல் குறையும், ஆனால் போகாது. உங்கள் தொல்லை பேச்சுக்குரல் என்றால் விளம்பரத்தை வைத்து அதிகம் எதிர்பார்க்காதீர்கள். இந்த மூன்றில் போஸும் சோனியும் முன்னால் நிற்கின்றன, சென்ஹைசர் ஒரு படி பின்னால். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த ஒரு படி உங்கள் அறையில் தெரியுமா என்பது அறையின் சத்தத்தைப் பொறுத்தது.

சிலருக்கு நாய்ஸ் கேன்சலிங்கை இயக்கியதும் காது அடைத்ததுபோல, மலை ஏறும்போது வருவதுபோல ஓர் உணர்வு வரும். கப்புக்குள் காற்றழுத்தம் அப்படி ஒன்றும் மாறுவதில்லை. தாழ்ந்த ஒலிகள் திடீரென்று மறைவதை மூளை அழுத்த மாற்றமாக எடுத்துக்கொள்கிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அதை உறுதியான முடிவென்று நான் சொல்ல மாட்டேன். உணர்வு மட்டும் உண்மை, சிலருக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும், சிலருக்குப் பழகவே பழகாது. கடையில் பாட்டு எதுவும் போடாமல், நாய்ஸ் கேன்சலிங்கை மட்டும் இயக்கி ஐந்து நிமிஷம் சும்மா உட்காருங்கள். பெரும்பாலானவர்கள் இதைச் செய்வதே இல்லை, மாட்டியதும் பாட்டைப் போட்டுவிடுகிறார்கள், அடைப்பு இருந்தாலும் பாட்டு அதை மறைத்துவிடுகிறது.

இனி அழைப்புகள். பாதி நேரம் அழைப்பு என்றதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், வாங்கிய பிறகு வரும் ஏமாற்றங்களில் பெரியது இதுதான். புளூடூத்தில் பாட்டு கேட்பதற்கு ஒரு வழி, பேசுவதற்கு இன்னொரு வழி. பாட்டு வழியில் ஸ்டீரியோ ஒலி தாராளமாக வரும். ஹெட்போனின் மைக்கை ஏதாவது ஒரு செயலி எடுத்துக்கொண்ட உடனே இணைப்பு பேச்சு வழிக்கு மாறிவிடும். அதில் ஒலி மோனோ ஆகிவிடும், அதாவது இரண்டு காதிலும் ஒரே ஒலிதான் வரும், ஒலியை அளந்து மாதிரி எடுக்கும் வேகமும் 16 கிலோஹெர்ட்ஸ் அல்லது பழைய முறையில் 8 கிலோஹெர்ட்ஸ் என்று இறங்கிவிடும். பழைய தொலைபேசி மாதிரி கேட்கும். உங்களுடைய முந்தைய ஹெட்போன் மடிக்கணினியில் அழைப்பு வந்தால் மட்டும் "கெட்டுப்போகிறது" என்று எழுதியிருந்தீர்கள், அது கெடவில்லை, நடந்தது இதுதான். எவ்வளவு விலை கொடுத்தாலும் வழக்கமான புளூடூத்தில் இது இருக்கும். எல்இ ஆடியோ என்ற புதிய முறை இதைச் சரிசெய்யத்தான் வந்தது, ஆனால் ஹெட்போன், கணினி இரண்டிலும் அது சரியாக வேலை செய்தால்தான் பலன். அதுவரை எளிய வழி: கணினியின் அமைப்பில் ஒலி வெளியே போக ஹெட்போனையும், குரல் உள்ளே வரக் கணினியின் சொந்த மைக்கையோ தனி மைக் ஒன்றையோ தேர்ந்தெடுங்கள். அப்போது ஹெட்போன் பாட்டு வழியிலேயே நிற்கும். வாய்க்குப் பக்கத்தில் வைத்த சாதாரண மைக், காதோரம் இருக்கும் எந்த ஹெட்போன் மைக்கையும்விடத் தெளிவாகக் கேட்கும். எதிரில் இருப்பவர் உங்களை மணிக்கணக்கில் கேட்கிறார், அவருக்கும் இது பெரிய நிம்மதி.

அழைப்பின்போது உங்கள் குரல் உங்களுக்கே திரும்பிக் கேட்கும் வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள், சைடுடோன் என்பார்கள். அது இல்லாமல் காதை அடைத்துக்கொண்டு பேசினால் நம்மை அறியாமல் கத்துவோம், சாயங்காலத்துக்குள் தொண்டை கட்டிவிடும். ஒரே நேரத்தில் கைபேசி, கணினி இரண்டிலும் இணைந்திருக்கும் மல்டிபாயின்ட் இந்த மூன்றிலும் உண்டு, உங்களுக்கு அது அவசியம். தொடு கட்டுப்பாடு, பொத்தான் என்பதில் எனக்கு எப்போதும் பொத்தான்தான். அழைப்பு நடுவில் குஷனைச் சரிசெய்யக் கை போகும்போது தொடுபரப்பு அதைக் கட்டளை என்று எடுத்துக்கொண்டு அழைப்பைத் துண்டித்த அனுபவம் எனக்கு உண்டு.

கோடெக், அதாவது புளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை, அந்த விஷயத்தில் நீங்கள் நிறையக் கவலைப்பட்டிருக்கிறீர்கள், அவ்வளவு தேவையில்லை. எல்லாவற்றிலும் இருக்கும் அடிப்படைக் கோடெக்கான எஸ்பிசி சாதாரணமாக விநாடிக்கு 328 கிலோபிட் வரை போகும், சோனியின் எல்டாக் 990 வரை. காகிதத்தில் பெரிய வித்தியாசம். ஆனால் ஐபோன் எஸ்பிசி, ஏஏசி என்ற இரண்டு கோடெக்கில் மட்டும்தான் அனுப்பும், எல்டாக்கும் ஆப்ட்எக்ஸ் என்ற இன்னொன்றும் அதில் கிடையாது, ஆகவே உங்கள் கையில் ஐபோன் இருந்தால் அந்த வாதமே முடிந்தது. ஆண்ட்ராய்டில் எல்டாக் கிடைத்தாலும், மற்ற எல்லாம் சமமாக இருக்கும்போது ஏஏசிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தெருச் சத்தத்தில் என்னால் பிரித்துச் சொல்ல முடிவதில்லை, காதை வைத்துச் சம்பாதிக்கிறவன் நான். குஷன் கசிவு உண்டாக்கும் வித்தியாசம் அதைவிடப் பல மடங்கு பெரியது.

சரி, ஒலிக்கு வருவோம். கடையில் மூன்றையும் மாற்றி மாற்றிக் கேட்கும்போது காதை ஏமாற்றும் முதல் விஷயம் சத்த அளவு. ஒரே பாட்டை ஒரு டெசிபல் கூட்டி வைத்தால் அது "கூடுதல் சத்தம்" என்று நமக்குத் தோன்றாது, "தெளிவாக இருக்கிறது, உயிரோட்டமாக இருக்கிறது" என்றுதான் தோன்றும். மெல்லிய சத்தத்தில் நம் காது பேஸை மிகக் குறைவாக உணரும் என்பதை ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-இலேயே அளந்து காட்டினார்கள். சத்தம் கூடினால் பேஸும் நிறைவாகக் கேட்கும். மூன்று ஹெட்போனுக்கும் கைபேசியில் ஒரே வால்யூம் கோடு வைத்தால் ஒரே சத்தம் வராது, ஒவ்வொன்றின் உணர்திறனும் வேறு. ஆகவே ஒரே பாட்டின் ஒரே வரியை வைத்து, பாடுகிறவரின் குரல் மூன்றிலும் ஒரே தூரத்தில் இருப்பதுபோல் தோன்றும் வரை வால்யூமை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சரிசெய்யுங்கள். பிறகு ஒப்பிடுங்கள். இதைச் செய்யாமல் சொல்லும் எந்தத் தீர்ப்பையும், என்னுடையதாக இருந்தாலும், நம்பாதீர்கள்.

எந்தப் பாட்டு என்று கேட்டால், உங்களுக்கு மனப்பாடமானது. புதிய பாட்டில் எது பாட்டின் குணம், எது ஹெட்போனின் குணம் என்று பிரிக்க முடியாது. நான் மிருதங்கம் தெளிவாகப் பதிவான ஒரு கச்சேரிப் பதிவை வைத்துக்கொள்கிறேன். வலந்தலையில் (வலப்பக்கம்) விழும் அடியின் கணீர் ஒலியும் தொப்பியில் (இடப்பக்கம்) வரும் கும்கி என்ற தாழ்ந்த ஒலியும் தனித்தனியாக நிற்க வேண்டும். தொப்பியின் ஒலி வீங்கி வலந்தலையின் மேல் படர்ந்தால் பேஸ் கூடுதலாகத் தூக்கப்பட்டிருக்கிறது. அப்புறம் பெண் குரல் ஒன்று, 'ஸ', 'ச' எழுத்துகள் நிறைய வரும் வரி. அந்த எழுத்துகள் ஊசிபோல் குத்தினால் நீண்ட நேரத்துக்கு ஆகாது, முதல் நிமிஷம் அது "துல்லியம்" என்று தோன்றினாலும். மூன்றாவதாகப் பாட்டே வேண்டாம், ஒருவர் பேசும் பதிவைப் பத்து நிமிஷம் கேளுங்கள். மனிதக் குரலில் தவறு எதையும் நம் காது மன்னிக்காது. உங்கள் பட்டியலில் இருக்கும் மூன்றுமே பேஸைச் சற்றுத் தூக்கித்தான் வருகின்றன, சோனியில் அது குரலின் அடிப்பகுதி மேல் படர்வது எனக்குத் தெளிவாகக் கேட்கும். செயலியில் இருக்கும் ஈக்வலைசரில் இரண்டு மூன்று படி குறைத்தால் சரியாகிவிடுகிறது.

விமர்சனங்கள் ஏன் முரண்படுகின்றன என்று கேட்டிருந்தீர்கள். ஒரு பகுதி ரசனை. ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தில் ஷான் ஆலிவ், டாட் வெல்டி ஆகியோர் 2012 தொடங்கி நடத்திய ஆய்வுகளில், பெரும்பாலானவர்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரியான ஒலியைத்தான் விரும்பினார்கள்: நல்ல அறையில் நல்ல ஒலிபெருக்கியைக் கேட்பதுபோல, பேஸ் கொஞ்சம் உயர்ந்து. ஆனால் பேஸ் எவ்வளவு என்பதில் ஆளுக்கு ஆள் மாறினார்கள். இன்னொரு பகுதி உடம்பு. காது மடலும் காதுக் குழாயும் ஒவ்வொருவருக்கும் வேறு வடிவம், அதனால் எட்டு, பத்து கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஒரே ஹெட்போன் இரண்டு பேருக்கு இரண்டு விதமாகக் கேட்கும். அந்தப் பகுதியில் அளவுக் கருவிகளையும் அதிகம் நம்ப முடியாது, ஹெட்போனைச் சில மில்லிமீட்டர் நகர்த்தினாலே வரைபடம் மாறும். ஆகவே ஒரு விமர்சகர் பேஸைப் பற்றிச் சொல்வதை ஓரளவு நம்பலாம், "காற்றோட்டமான டிரெபிள்" (உயர்ந்த ஒலிகள்) என்பதை அவருடைய காதுக்கானதாக எடுத்துக்கொள்ளுங்கள். டிரைவர், அதாவது உள்ளே ஒலி எழுப்பும் பகுதி, பெரிதாக இருந்தால் நல்லது என்பதிலும் பொருளில்லை, சோனி, முந்தைய மாடலான எக்ஸ்எம்4-இல் 40 மில்லிமீட்டராக இருந்ததை எக்ஸ்எம்5-இல் 30 ஆக்கியது. நூறு மணி நேரம் ஓடவிட்டால் ஒலி பழுக்கும் என்பார்கள். குஷன் மென்மையாவதும் நம் காது பழகுவதும் நிச்சயம் நடக்கிறது, டிரைவர் மாறுவது காதில் கேட்கும் அளவுக்கு இருக்குமா என்பதில் எனக்குச் சந்தேகம்தான்.

பேட்டரி பற்றி ஒரு கணக்கு. நிறுவனங்கள் சொல்வது: போஸ் 24 மணி நேரம், சோனி 30, சென்ஹைசர் 60. நாளுக்கு ஏழு மணி நேரம் என்றால் வருஷத்துக்கு 2555 மணி நேரம். போஸுக்கு அது ஏறக்குறைய 106 முழுச் சார்ஜ், சென்ஹைசருக்கு 43. லித்தியம் பேட்டரி எத்தனை முறை தீர்ந்து நிரம்புகிறது என்பதைப் பொறுத்தும் தேய்கிறது, ஆகவே உங்களைப்போல் நிறையப் பயன்படுத்துகிறவருக்கு 60 மணி நேரம் என்பது பயண வசதியைவிட ஆயுள் சம்பந்தப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல் இத்தகைய கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்று விதி வருகிறது. அவசரம் இல்லாதவர்கள் அதற்காகக் காத்திருப்பதில் நியாயம் உண்டு. உங்கள் பழைய ஹெட்போன் உடைந்துவிட்டது என்கிறீர்கள், அதனால் நீங்கள் காத்திருக்க வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 83 என்றால் 20 மணி நேரம், 86 என்றால் 10. நீங்கள் சொன்ன கணக்குப்படி வாரத்துக்கு நாற்பது மணி நேரத்தை ஏற்கெனவே தொட்டுவிட்டீர்கள், ஆகவே உங்களுக்கு மிச்சமே இல்லை. நாய்ஸ் கேன்சலிங்கின் பெரிய நன்மை என்று நான் நினைப்பது இதைத்தான், வெளிச்சத்தத்தோடு போட்டிபோட வால்யூமை ஏற்ற வேண்டியதில்லை. காதில் ரீங்காரம் ஏற்கெனவே இருந்தால் இதை வாங்குவதற்கு முன்பு காது மருத்துவரைப் பாருங்கள்.

இப்போது உங்கள் மூன்றுக்கு வருகிறேன். கண்ணாடி, நீண்ட நேரம், அழைப்பு என்று நீங்கள் சொன்ன வரிசையில், மாட்டிப் பார்க்க முதலில் போஸை எடுங்கள், பக்கவாட்டு அழுத்தம் மூன்றில் எனக்கு மென்மையாகப் பட்டது அதுதான், மடக்கவும் முடியும். அடுத்து சென்ஹைசர். அது யூஎஸ்பி கேபிள் வழியாகவே ஒலி எடுக்கும், கணினியோடு நாள் முழுக்க வேலை செய்கிறவருக்கு நல்ல வசதி. சோனி எக்ஸ்எம்5 எடையில் நல்லது, மடங்காது, 2025-இல் வந்த எக்ஸ்எம்6-இல்தான் மடக்கும் வசதி திரும்ப வந்தது. திருப்பிக் கொடுக்க அனுமதி உள்ள இடத்தில் மட்டும் வாங்குங்கள், டப்பாவையும் உறையையும் பத்திரமாக வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு வேலை நாள் முழுவதும், உங்கள் கண்ணாடியோடு, உங்கள் நாற்காலியில், வழக்கமான அழைப்புகளோடு மாட்டியிருங்கள். அன்று ஒலியைப் பற்றி எதுவும் முடிவு செய்யாதீர்கள். எத்தனை முறை கழற்றினீர்கள், ஒவ்வொரு முறையும் எந்த இடம் வலித்துக் கழற்றினீர்கள் என்று மட்டும் ஒரு தாளில் குறியுங்கள். இரண்டாவது நாளும் அதே இடம் வலித்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். இரண்டு மாடல் இந்தச் சோதனையில் தேறிவிட்டால் அந்தத் தாளில் குறித்ததையும், கண்ணாடியை உருவியபோது பேஸ் மாறியதா என்பதையும் இங்கே எழுதுங்கள், ஈக்வலைசரில் எந்தப் பட்டையை எவ்வளவு நகர்த்தலாம் என்று அதற்குப் பிறகு சொல்கிறேன்.